மாதாவுக்காகப் பொறுத்த குளிர்

ராஜபாளையம்
18-1-1994

அன்பு மகள் வஞ்சுளவல்லிக்கு அப்பா எழுதுவது. ஆண்டாள் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம், அந்த ஸ்வீடன் பனியில் நீயும் இருமல் சளி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பழைய சிலைகளைப் பாதுகாக்கிற உன் வேலையை விட்டுச் சர்ச் கமிட்டிக்காரர்கள் உன்னை அனுப்பிவிடுவார்களோ என்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை, கவரைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, உன் அம்மாதான் பிடுங்கிப் பிரித்தாள்.

ஹீட்டர் போட்டால் காற்று வறண்டு, பழைய மர மாதா சிலை சுருங்கி முகத்து வர்ணம் உதிர்கிறது என்று நீ முன்பு எழுதியதும், நூல் மில்லில் இத்தனை வருஷம் காற்றுக்கு ஈரம் கொடுக்கிற ஹியூமிடிட்டி பிளாண்ட் பார்த்தவன் இல்லையா, காற்று காய்ந்தால் நூல் அறும், தண்ணீரைப் புகையாய்ப் பீய்ச்சு என்று பெரிய இவனாட்டம் யோசனை எழுதினேன். அந்தக் குளிர்ச் சுவரில் ஈரம் முத்து முத்தாய் வழிந்து பூசணம் பூக்கும் அப்பா, ஹீட்டரைக் குறைப்பதுதான் வழி என்று எனக்கே பாடம் நடத்திவிட்டாய். அதை மில் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். கூட வேலை பார்க்கும் சேக் முகைதீன் மட்டும், பெருமாள் கோயில் பிள்ளைக்குச் சர்ச்சில் என்ன வேலை என்றான். மாதாவுக்குப் பக்குவமான காற்று கொடுக்கிற வேலை, உன் மகன் செய்வானா என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு ஹீட்டரை முழுசாகப் போடக் கூடாது என்று நீ சொன்னதற்கு, கிழடு கட்டைகள் விறைக்கணுமா, வேற்று மதத்துக்காரி சொல்லி நாங்கள் கேட்கணுமா என்று கமிட்டியில் சத்தம் போட்டார்களாமே. அப்போது நீ எழுந்து, உன் அம்மா போன கடிதத்தில் எழுதச் சொன்னதைச் சொன்னாயாமே, சுண்ணாம்புச் சுதையால் செய்த எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமாள் மேல் தண்ணீர் படக் கூடாது, தைலம் பூசுகிற தைலக்காப்புதான், அது காயும்வரை திரை போட்டு முகம் மட்டும்தான் சேவிக்கலாம், நாங்கள் யாரும் கோபிக்கிறதில்லை, பொறுத்துக்கொள்கிறோம் என்று. கமிட்டியில் அதிகம் எதிர்த்த பாட்டியம்மாவே, ஹீட்டர் குறைத்த கிறிஸ்துமஸ் பூசைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள் என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது தாயி.

உன் அம்மா கடிதத்தை மடித்துச் சாமி படத்தடியில் வைத்தாள். முகத்தைக் கழுவிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள். அங்கே இப்போது காப்பு நாள், திரை போட்டிருக்கிறது. பொழுது சாய வந்தவளிடம் என்ன சேவித்தாய் என்று கேட்டேன். "மொகம் மட்டுந்தான் தெரிஞ்சுது. போதும், எம்பிள்ள மொகத்தப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

உனக்கு எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, இன்னும் பல கோயில் நீ காப்பாற்ற வேண்டும். ஒன்றே ஒன்று, சர்ச்சில் குறைத்த மாதிரி உன் அறையிலும் ஹீட்டரைக் குறைத்துவிடாதே. நீ மரச்சிலை இல்லை, எங்கள் பிள்ளை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதால் மில்லில் தலை நிமிர்ந்து நடக்கும் அப்பா,
அழகியமணவாளன்