ஸ்டேஷனில் அப்பா எழுதிக் கொடுத்தது

நெய்வேலி,
வட்டம் 19,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நெடுமாறனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் வெண்மதியும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் அது பொய், அதனால் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் பேசாமல் அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், அவரை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல முடியும். அவர் செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிப் போனதும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் பக்கத்து குவார்ட்டர்ஸ் சத்யாவிடம் கொடுத்துப் போட்டோ பிடித்து உன் நம்பருக்கு அனுப்பச் சொல்வேன். படித்துவிட்டு அழித்துவிடு.

வெண்மதிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடு, உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல், காலைத் தொங்கப் போட்டு உட்கார வேண்டாம் என்று சொல். ஏழாம் மாதம் முடிகிறது, இங்கே இருந்திருந்தால் வளைகாப்பு போட்டு ஐந்து வகைச் சோறு கிளறியிருப்பேன். உன் விசா இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, அதற்குள் நம் ஊர்ப் போலீஸ் சர்ட்டிபிகேட்டை வைத்து மனு போட்டால்தான் அங்கே இருக்க விடுவார்கள், வந்துவிடலாம் என்றால் இந்த வயிற்றோடு அவளை விமானத்தில் ஏற்ற டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அங்கே இருக்கவும் முடியாமல் இங்கே வரவும் முடியாமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு என் மகன் என்ன செய்வான் என்று அடுப்படியில் நின்றுகொண்டே அழுதுவிடுகிறேன். காடாம்புலியூர் சித்தி பலாப்பழம் கொடுத்தனுப்பியிருந்தாள், வெட்டக்கூடத் தோன்றாமல் மூலையில் கிடந்து வெடித்து வீடெல்லாம் வாசம், கடைசியில் சத்யா எடுத்துப் போய்ச் சுளை எடுத்தாள்.

நீ போன் பண்ணும்போதெல்லாம் கேட்டாய், விசாரணைக்கு வந்தவரிடம் அப்பா என்ன சொன்னார், ஏன் ரிப்போர்ட் தடைபட்டு நிற்கிறது என்று. நான் மழுப்பிக்கொண்டே இருந்தேன். இனி மழுப்ப முடியாது, கேள். ஸ்டேஷனிலிருந்து சிலம்பரசன் என்று ஒரு கான்ஸ்டபிள் வந்தான், மரியாதையான பையன், பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். உன் பாஸ்போர்ட் ஜெராக்ஸைப் பார்த்தான், இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று சத்யாவும் அவள் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. நான் டீ போட உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்து அவன், உங்க பையன் மேல கேஸ் கீஸ் எதுனா இருக்குதுங்களா ஐயா என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறான். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, ‘என் பையன் காலேஜ் படிக்கும்போதே எங்கூட அரெஸ்ட் ஆனவன் சார். காண்ட்ராக்ட் தொழிலாளிங்கள பர்மனன்ட் பண்ணச் சொல்லி நாங்க ரோட்ல குந்துனோம் பாருங்க, அன்னிக்கு வேன்ல ஏத்திக்கினு போயி கல்யாண மண்டபத்துல வெச்சாங்க. சாயங்காலம் வுடுற வரைக்கும் எம் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தான்’ என்றார். அந்தப் பையன் தயங்கித்தான், இத எழுதிக்கட்டுங்களா ஐயா என்று கேட்டான். ‘தாராளமா எழுதிக்குங்க, இதுல மறைக்கிறதுக்கு என்னா கீது’ என்றார். நான் டம்ளரோடு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மற்ற வீடுகளில் உண்மையாகவே கேஸ் இருந்தாலும் மூடி மறைப்பார்கள். நம் வீட்டில் அரெஸ்ட் என்றால் மேடையில் சால்வை போட்ட மாதிரி, உனக்குத் தெரியாததா. போராட்டம் என்றாலே துண்டும் பிரஷர் மாத்திரையும் எடுத்துப் பையில் வைத்துக் கொடுப்பேன், மண்டபத்தில் எலுமிச்சம் சோறு போடுவார்கள், சாயங்காலம் பெயரெழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள், மறுநாள் முழுக்க அதே பேச்சு. அது வேறு ஒரு நாட்டுக்காரன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று இந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லை. அதைவிடக் கொடுமை, நீ அன்றைக்கு மண்டபத்தில் இல்லவே இல்லை. அன்று உனக்குச் சென்னையில் இன்டர்வியூ, நான்தான் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அப்பாவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை, நீ மத்தியானத்துக்குள் மனசு மாறி மண்டபத்துக்கு வந்துவிடுவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்ச காலம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், என் பையனும் அன்னிக்கு எங்கூடத்தான் இருந்தான் என்று யாரிடமோ சொன்னதை நானே கேட்டேன். சொல்லிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன். அது இப்படி உன் தலையில் வந்து விடியும் என்று நான் கண்டேனா.

நான் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனேன் மாறா, திரும்பத் திரும்பப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. ‘எங்க பதிவுல உங்க பையன் பேரே இல்லம்மா. ஆனா பெத்தவரே சொல்லிட்டாரு, அது ரிப்போர்ட்ல ஏறிப் போயிடுச்சி. நான் சொன்னது உண்மை இல்லன்னு அவரு வந்து எழுதிக் குடுத்தார்னா திருத்தி மேல அனுப்புறேன்’ என்றார். நான் எழுதிக் கொடுக்கிறேன், நான்தானே பெற்றவள், என் மகன் அன்று எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியாதா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சொன்னவர்தான் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நியாயம் எதற்கு. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பாவிடம் சொன்னால் முடியாது என்றார். நான் இன்னிக்கு வரைக்கும் எவனுக்கும் எழுதிக் குடுத்தது கெடையாது என்றார். அது எனக்குத் தெரியாதா. அந்தப் போராட்டம் முடிந்து, இனிமேல் கலந்துகொள்ள மாட்டேன், செய்தது தப்பு என்று எழுதிக் கொடுத்தால்தான் ஷிப்ட் என்று காண்ட்ராக்டர் சொன்னபோது பாதிப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். இவர் போகவில்லை. யூனியன் பேசி எடுத்துக்கொள்ளும் வரை மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். நான் காடாம்புலியூருக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைத்தேன், எண்ணெய் பட்டு விரல் தோலெல்லாம் உரிந்தது, அப்போதுகூட எழுதிக் கொடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பிடிவாதத்தில் எனக்கும் பெருமைதான். இப்போது கேட்டேன். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அதற்கு அவர், ‘வந்தான்டி. எம் பக்கத்துல குந்தியிருந்தான். நீ என்னா மண்டபத்துக்கா வந்த’ என்றார். மாறா, அவர் என்னை ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் அதை நம்பிவிட்டார். என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கத்தினேன். உங்க வாய்ப் பெருமைக்கு என் பிள்ளை குடும்பத்தை வுட்டுக் குடுக்கணுமா என்று கேட்டுவிட்டேன். அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்தார், அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

நாள் ஓடிக்கொண்டே இருந்தது. யார் சொன்னால் கேட்பார் என்று யோசித்து, நெல்லிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்ட சங்கரலிங்கம் அண்ணனைப் பார்க்க பஸ் ஏறினேன். யூனியனில் உன் அப்பாவோடு கடைசி வரை நின்றவர், அன்று மண்டபத்திலும் கூடவே இருந்தவர். நீங்களாவது அவன் அன்று வரவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவர், ‘மாறன் வரலன்னு எங்க எல்லாருக்குமே தெரியும் அண்ணி. அன்னிக்கு எம் பையன் வந்தான், கலியமூர்த்தி பையன் வந்தான். இவரு பக்கத்துல துண்டப் போட்டு எடம் புடிச்சி வெச்சிக்கினு வாசலயே பாத்துக்கினு இருந்தாரு. சோறு வந்தப்போ ரெண்டு பொட்டலமா வாங்கி வெச்சாரு, பையன் வருவான்னாரு. சாயங்காலம் அதப் பிரிக்காமலே எடுத்துக்கினு போனாரு. அதுக்கப்புறம் அவரு வந்தான் வந்தான்னு சொல்லும்போது எங்கள்ல யாருக்கு மனசு வரும் இல்லன்னு சொல்ல. நான் வந்து சொல்ல மாட்டேன் அண்ணி, என்னைக் கேக்காதீங்க’ என்றார். நான் டீகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு அந்தப் பொட்டலத்தை அவர் என் கையில்தான் கொடுத்தார். மிச்சம் என்று நினைத்து நான் தின்றேன்.

வீட்டுக்கு வந்து சங்கரலிங்கத்தைப் பார்த்ததைச் சொல்லவில்லை. கத்தவும் தெம்பு இல்லை. நீ அனுப்பிய வெண்மதி போட்டோவை, வயிறு தெரிய நிற்கிறாளே அதை, போனில் எடுத்து அவர் எதிரில் வைத்துவிட்டு, உங்க பேரப்புள்ள பொறக்க எடம் இல்லாம நிக்குதுங்க என்று மட்டும் சொன்னேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அன்னிக்கு அவன் மெய்யாலுமே அந்த இன்டர்வியூவுக்குத்தான் போனானா என்று கேட்டார். ஆமாம், சென்னைக்குத்தான் என்றேன். கெளம்பும்போது என்னப் பத்தி எதுனா கேட்டானா என்றார். கேட்டான் என்றேன். நீ கேட்டாயா என்று எனக்கு நினைவில்லை மாறா. கேட்டதாகவே வைத்துக்கொள்.

மறுநாள் பர்ஸ்ட் ஷிப்டை லீவு போட்டுவிட்டு, யூனியன் மாநாட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் ரைட்டர், நான் எழுதுறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க ஐயா என்றார். இவர் வாங்கித் தானே எழுதினார். என் மகன் நெடுமாறன் அன்று மண்டபத்துக்கு வரவில்லை, கைதும் ஆகவில்லை, நான் ஆசையில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று எழுதினார். இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்து, ஆசையில் என்று இருக்கக் கூடாது ஐயா, தவறுதலாகச் சொன்னேன் என்று மாற்றுங்கள் என்றார். உன் அப்பா, ‘தவறுதலா சொல்லலீங்க சார். ஆசையிலதான் சொன்னேன். எழுதச் சொன்னீங்க, உண்மைய எழுதிட்டேன், இதுக்கு மேல மாத்த மாட்டேன்’ என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. இன்ஸ்பெக்டர், சரி, இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தோம். சாப்பிடும்போது, ரசம் நல்லாருக்குது என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அந்தக் காகிதம் கடலூர் எஸ்.பி. ஆபீசுக்குப் போய்விட்டது, இன்னும் பதில் இல்லை. போதும் என்பார்களோ, ஆசையில் என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்களோ தெரியவில்லை, சர்ட்டிபிகேட் நிலவரத்தைச் சத்யா போனில் தினமும் பார்த்துச் சொல்கிறாள், அவள் வாசலில் வந்து நின்றாலே நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். நீ அங்கே வக்கீலைப் பார்த்து நாள் தள்ளிக் கேட்க வழி உண்டா என்று விசாரி, சும்மா இருக்காதே. வெண்மதியிடம் எல்லாம் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல், பயத்தில் இருக்கிற பெண்ணுக்குப் பால் ஊறாது. அவளுக்கு நல்ல சுகப்பிரசவம் ஆகட்டும், பிள்ளை அழுத குரலை நான் கேட்க வேண்டும், நீங்கள் மூன்று பேரும் ஒரே கூரையில் நிம்மதியாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் அங்கே ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சர்ட்டிபிகேட் வந்தால் முதலில் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல். வராமல் திரும்பிவிட்டால் அவரிடம் சொல்லாதே, வந்துவிட்டது என்றே சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் உண்மையைச் சொல். கடலூரோ சென்னையோ, எந்த ஆபீஸ் வாசலிலும் நான் போய் விழுகிறேன். நீ அன்று வரவில்லை என்று இன்னொரு தடவை எழுத அவரால் முடியாது.

உங்கள் மூவருக்கும் என் ஆசிகளுடன்,
உன் அம்மா,
சா. அம்சவல்லி