பூசை நாளில் எரிந்த கை

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்
4.11.1984

அன்பு மகள் நளினிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. முருகன் துணையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் அங்கே சுகம்தானே என்று எழுதக் கை வரவில்லை. உன் கடித உறையின் மேலிருந்த கோணல்மாணலான எழுத்தைப் பார்த்து, யாரோ எழுதியது என்றே நினைத்தேன். பிரித்துப் படித்த பிறகுதான் நீ இடது கையால் எழுதியது தெரிந்தது. ஆயுத பூசையன்று ஊர் நினைப்பு வந்து, ஆராய்ச்சி மேசையையும் தட்டையும் நம் வழக்கப்படி தண்ணீர் விட்டுத் துடைத்தாயாமே, தட்டில் ஒட்டியிருந்த லித்தியத் துணுக்கில் ஈரம் பட்டுத் தீப்பிடித்து வலது கை வெந்துபோனதாமே. பேட்டரிக் கழிவிலிருந்து லித்தியத்தை மீட்டெடுத்துத் திரும்பப் புது பேட்டரி செய்யப் பார்க்கிறோம் என்று நீ முன்பு எழுதியபோது, நம் ஃபேக்டரியில் கழிவுத் தேயிலைத் தூளை மறுபடி சலிக்கிற மாதிரி ஏதோ வேலை என்றுதான் நினைத்தேன். தண்ணீர் பட்டால் எரியும் என்று சொன்னால் அம்மா இங்கிலாந்துக்கு அனுப்பமாட்டாள் என்றுதானே மறைத்தாய், கள்ளி.

படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும். இந்த மழையிலும் உன் மெத்தையை அடுப்போரம் போட்டுக் காயவைத்தேன். பக்கத்து வீட்டு இராசம்மாவும், பொட்டப் புள்ளய நெருப்போட விட்டுட்டு இருக்கீங்களே, வரச் சொல்லுங்க லா என்றாள். தானா ராத்தா டவுன் தபாலாபீசுக்குப் போய் உடனே வா என்று தந்தி கொடுக்க அப்பாவை அனுப்பினேன். சட்டையை மாட்டியவர் கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கை எரிந்தும் நீ ஓடாமல் நின்று, அதற்கென்று வைத்திருந்த பொடியைக் கொட்டித் தீயை அணைத்து, மீட்டு வைத்திருந்த மீதி லித்தியத்தைக் காப்பாற்றினாய் என்ற இடத்தில் போதும் என்றார். "பயந்தவ ஓடியிருப்பா. இவ நின்னிருக்கா. தந்தி வேணாம்" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். அன்றைக்கு நான் அவருக்குத் தேநீர்கூடப் போட்டுத் தரவில்லை. மறுநாள் கொழுந்து பறிக்கப் போகும்போது நம் லய வீடுகளுக்குப் பின்னால் ஓடையில் கிடக்கும் செத்த லோரி பேட்டரியைப் பார்த்தேன். உன் லித்தியம் அதில் இல்லைதான், ஆனாலும் நின்று பார்த்தேன். தூக்கி எறிகிறவன் எறிந்ததோடு மறந்துவிடுகிறான், திரும்ப எடுக்க யாராவது மெனக்கெடத்தான் வேண்டும். யார் பெற்ற பிள்ளையாவது செய்யட்டும், என் பிள்ளை வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அதனால் முதலில் உன் புரொபசரிடம் உள்ளதைச் சொல். ஏன் தண்ணீர் விட்டாய் என்று அவர் கேட்டபோது வாயைத் திறக்காமல் நின்றாயாம், சாமி கும்பிட்டதற்கு என்ன வெட்கம். அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர், மோட்டாருக்கு அவர் என்றைக்காவது தண்ணீர் தெளித்திருக்கிறாரா, உலர்ந்த துணியால் துடைத்து ஒரு சந்தனப் பொட்டு வைப்பார், அவ்வளவுதான். உன் லித்தியத்துக்கு அதுகூட வேண்டாம், ஆராய்ச்சி அறைக் கதவில் பொட்டு வை. சொன்ன பிறகும் வரத் தோன்றினால் வா, மெத்தை காய்ந்து இருக்கிறது. பயந்துகொண்டு மட்டும் வராதே.

மருந்தை வேளாவேளைக்குப் போடு, புண்ணில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். முருகன் உன் கூடவே இருப்பான். உன் பதில் எத்தனை தாமதமானாலும் பரவாயில்லை, வலது கையால் எழுதியதாக வரட்டும், நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா பாஞ்சாலை