சுவரோரப் பாத்தி

பிப்ரவரி 12, 1979
செலினுக்கு மறுபடி வயிற்றுவலி. ஈறில் நீலக்கோடு ஓடுகிறது, ரத்தத்தில் காரீயம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். ஆறு வயதுப் பிள்ளைக்கு! சோகை என்று நம் தோட்டத்துக் கீரையைத்தானே தினமும் ஊட்டினேன்?

பிப்ரவரி 13
மாணவிகள் போன பிறகு கல்லூரி லேபில் நம் கீரையை எரித்து, சாம்பலைக் கரைத்துப் பார்த்தேன். ஈயம் இருந்தால் நிறம் மாறும் கரைசல். செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.
சுவருக்கு அந்தப்பக்கம் பாக்கியநாதனின் கொட்டகை. பழைய பேட்டரிகளின் ஈயத் தகடுகளை உருக்குகிறான். ஆசிட்டைச் சுவரோரம் கொட்டுகிறான். உறையூரில் இவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

பிப்ரவரி 14
போய்ச் சொன்னேன். சிரித்தான். "பதினஞ்சு வருஷமா இந்தப் புகையிலதான் நிக்கிறேன் டீச்சர், எனக்கு என்ன ஆச்சு? வயித்துல பூச்சியா இருக்கும், பிள்ளைக்குப் பூச்சி மருந்து குடுங்க."
பூச்சி மருந்தா? இவனை விடமாட்டேன். அந்த வீட்டாரோடு பேசக்கூடாது என்று செலினிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 20
ஆசிட்டால் புளித்த மண்ணில்தான் ஈயம் கரைந்து வேருக்குள் ஏறும் என்றார் எங்கள் துறையின் அருள்நாதன் சார். சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பை எடுத்து, மக்கிய சாணமும் எலும்புத்தூளும் கலந்தால் ஈயம் மண்ணிலேயே கட்டுண்டு கிடக்குமாம். முழுக்கப் போகாது, ஆனால் இலைக்கு வருவது குறையும்.
காந்தி மார்க்கெட் போய் எல்லாம் வாங்கி வந்தேன். சமையலறைப் பக்கத்துப் பாத்தியைக் கொத்திக் கலந்து புதிதாக விதைத்தேன். சுவரோரப் பாத்தியைத் தொடவில்லை. சுண்ணாம்பு மீதம் இருந்தது. இருந்தும் போடவில்லை.

பிப்ரவரி 28
சாம்பல் புதன். பூசை முடிந்து வந்ததும் பாக்கியநாதனின் மனைவி ரோசம்மாள் சுவர் மேல் எட்டிப்பார்த்தாள். "தவக்காலம் முடியிறவரைக்கும் எங்க வீட்ல கறி கிடையாது டீச்சர். கீரை இருந்தா ஒரு கட்டு குடுங்க."
சுவரோரம் முளைக்கீரை கொழுத்து நின்றது. நெற்றியில் சாம்பலோடு பறித்துக் கொடுத்தேன்.

மார்ச் 9
இன்றும் ஒரு கட்டு. தின்னட்டும்.

மார்ச் 23
சுண்ணாம்புப் பாத்தியின் முதல் கீரையை லேபில் பார்த்தேன். லேசான ரோஜா நிறம், அவ்வளவுதான். அப்படியும் செலினுக்குக் கொடுக்கவில்லை.
சுவரோரக் கீரை இன்னும் சிவப்புதான். ரோசம்மாள் கேட்கும்போதெல்லாம் அதைத்தான் கொடுக்கிறேன். அவள் பாவம் என்று மனசு சொல்கிறது. அவன் பெண்டாட்டிதானே என்றும் அதே மனசுதான் சொல்கிறது. ஒருநாள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான். அன்றைக்கு நான் சொல்வேன், பூச்சி மருந்து சாப்பிடு என்று.

ஏப்ரல் 2
செலின் ஆஸ்பத்திரியில். வாந்தி நிற்கவில்லை. ஈயம் கூடியிருக்கிறதாம். எப்படி? ஒன்றரை மாதமாக ஒரு இலை கொடுக்கவில்லையே!

ஏப்ரல் 3
ரோசம்மாள் ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டே வந்தாள். "அவரு கீரையைத் தொடவே மாட்டாரு டீச்சர். எனக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு மிச்சத்தையெல்லாம் உங்க பிள்ளைக்குத்தான் மசிச்சுக் குடுத்தேன். சோகைக்கு நல்லதாச்சேன்னு. நீங்க காலேஜ்லேந்து வர்றதுக்குள்ள, கீரை செய்யிற நாளெல்லாம் சுவத்து மேலயே ஒரு கிண்ணம்... அப்படியும் இப்படி ஆயிடுச்சே."
செலினைப் பார்த்தேன். "அந்த வீட்ல பேசக்கூடாதுன்னு சொன்னீங்கல்லம்மா. அதான் சொல்லல."
ஐயோ, நான்தான், என் கையால பறிச்சு—
ரோசம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் எழுந்து போனாள்.

ஏப்ரல் 5
வார்டு வாசலில் பாக்கியநாதன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.
"நான் நம்பாம செஞ்சேன் டீச்சர். நீங்க தெரிஞ்சே செஞ்சீங்க."

ஏப்ரல் 24
செலின் வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்போல ஓடுவதில்லை. சுவரோரக் கீரையை வேரோடு பிடுங்கிவிட்டு மீதிச் சுண்ணாம்பைப் போட்டேன்.

ஜூன் 11
தெருக்கோடிக்காரர் யாரோ புகார் கொடுத்து, நகராட்சி ஆள் ஒருவர் வீடு வீடாக வந்து கேட்டார். கொட்டகைப் புகையால் உங்களுக்கு ஏதாவது பாதிப்பு உண்டா? செலின் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப்பக்கம் பாக்கியநாதன் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.
"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.