இருபத்தாறில் மிஞ்சிய நான்கு ஸ்லைடுகள்

எம்.கே.பி. நகர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் செங்கொடிக்கு உன் சித்தப்பா எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன், உன் சித்திதான் நம்பவில்லை. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுகிறது, அயர்லாந்துக் குளிரில் நீ நன்றாக இருந்தால் அதுவே போதும். விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பா சேஃப்டி சூப்பர்வைசர் ஆகிவிட்டான்! எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன், எண்ணூரில் இருபத்தெட்டு வருஷம் கிரேனுக்குக் கைகாட்டியவன், நாளையிலிருந்து வெள்ளை ஹெல்மெட்.

இந்தக் காலோடு இனி சாரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், காண்ட்ராக்டும் இந்த மாதத்தோடு முடிகிறது, இது கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கம்பெனியில் வகுப்பு வைத்தார்கள், பன்னிரண்டு பேர், வேலை ஒன்று. கடைசி இரண்டு நாளில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும், மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும், என் முறை பன்னிரண்டாவது. நான் சும்மா இருப்பேனா, பிரவுசிங் சென்டரில் சொல்லி இருபத்தாறு ஸ்லைடு செய்தேன். உன் தங்கச்சி ஷாலுவின் சடங்குக்கு பேனர் வைத்தோமே, முதல் ஸ்லைடு அதே மாதிரி, நடுவில் நான் கும்பிட்டபடி, சுற்றிலும் சொந்தக்காரர்கள் வட்ட வட்டமாக, மூன்றாவது வட்டத்தில் நீ கூலிங்கிளாஸோடு. எழுத்தெல்லாம் பறந்து வந்து உட்காரும்.

முதல் நாள் நம் தெரு பீம்ராவ் எழுந்தான். அவன் ஸ்லைடு திரையில் விழுந்தது. அதே சென்டர், அதே கும்பிடு, அதே வட்டங்கள், முகங்கள்தான் வேறு! இவர் என் மச்சான், இவர் என் மாமனார் என்று ஒவ்வொருவராக அவன் வரவேற்று முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ரஷீது, “இன்னா நைனா, பத்திரிகை வெக்க வந்துகினியா, பந்தி எப்போ?” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் சட்டைப் பையில் இருந்த பென்டிரைவ் என்னைச் சுட்டது. அடுத்து ஸ்டோரில் வேலை செய்யும் ரோஸ்மேரி. ஒரே ஒரு படம், நுனி கிழிந்த கிளவுஸ். இது என் கிளவுஸ், உள்ளே இருந்ததும் என் விரல்தான் என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் அவள் பேசி முடிக்கும்வரை ஒருத்தரும் இருமவில்லை.

அன்று சாயங்காலமே சென்டருக்கு ஓடினேன். சொந்தக்காரர்களை எல்லாம் அழித்தாயிற்று, உன் வட்டத்தை அழிக்கும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. பறக்கிற எழுத்தைத் தரையில் இறக்கினேன். “ரோஜாப்பூவாச்சும் இருக்கட்டும் மாமு, கலீஜா கீது” என்று சென்டர்காரர் கெஞ்சினார், விடவில்லை. இருபத்தாறு நாலானது.

மறுநாள் என் முறை. முதல் படம், போன மழைக்காலத்தில் அறுந்த தூக்குபெல்ட். இரண்டு டன் பைப் அந்தரத்தில் தொங்கும்போது பெல்ட் ஓரம் நார்நாராகப் பிரிவதை நான் பார்த்தேன், நிறுத்து என்று நான் போட்ட சத்தம் காத்திவாக்கத்தில் வலை பின்னுகிறவர்களுக்கே கேட்டிருக்கும், கீழே நின்ற ஒருத்தன் விலகி ஓடினான், பெல்ட் அறுந்தது, அவன் நின்ற இடத்தில் பைப் விழுந்தது என்று சொன்னேன். நாலு நிமிஷம் ஐம்பது செகண்டு, மணி அடிக்கவே இல்லை மகளே! இந்த வேலை உங்களுக்குத்தான் என்று வகுப்பு நடத்திய மேடம் கையைக் குலுக்கினார். பீம்ராவ் என்னைத் தூக்கிச் சுற்றி, “என் பேனரப் பாத்துதான்டா நீ பொழச்ச, பிரியாணி வாங்கிக் குடு” என்றான். சொன்னது உண்மை, வாங்கிக் கொடுத்தேன்.

ஈரத்தலையோடு டூட்டிக்குப் போகாதே, வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நானும் சித்தியும் மனசார வாழ்த்துகிறோம். என் கடிதத்தில் மசாலா தூக்கலாக இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஆனால் இந்த ஒன்றை உன்னிடம் மறைக்க முடியவில்லை. அன்றைக்குச் சத்தம் போட்டது நான் இல்லை, சைட் பெருக்கும் பச்சையம்மா. பைப்புக்குக் கீழே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவன்தான் நான். உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன், டவர் போய்விட்டது என்று அப்புறம் சொன்னேனே, அன்றைக்கு.

உன் சித்தப்பா
ஜெயவேல்