துவரைப் பூச்சியும் சுரைப் பூச்சியும்

இன்று காலை களக்காட்டில் ஒரு தோட்டத்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சட்டைக் கையில் ஓர் இறகுப்பூச்சி வந்து உட்கார்ந்தது. சிறகை இரண்டு பக்கமும் ஈர்க்குச்சிபோல் நீட்டிக்கொண்டு, அசையாமல். ஸ்பேனரும் கையுமாக நானும் அசையாமல் நின்றேன். உன் நினைப்பு வந்துவிட்டது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என்னோடு படித்த நீ கல்லூரிவரை போய், ஆபீஸ் உத்தியோகமும் பார்த்து, கடைசியில் உன் தோட்டத்தில் லென்சோடு தவழ்ந்தாய். துவரையில் இருக்கும் இறகுப்பூச்சியும் சுரைக்கொடியில் இருப்பதும் வேறு வேறு இனம் என்று பிடிவாதம் உனக்கு. அக்கா மக்கள், தங்கச்சி மக்கள் மாதிரி நெருங்கிய சொந்தமாம்; ஆனாலும் ஒன்றில்லையாம். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. “நீயாவது நம்புலே” என்பாய். உனக்கு அது போதுமாக இருந்தது. நானா விடுவேன்?

“ஏலே, ஒரே பூச்சிதான். காலையில துவரையில கெடக்கு, மத்தியானம் சுரைக்கு வருது. ஒன் வீட்டுல குழம்பு சரியில்லன்னா நீ எங்க வீட்டுக்கு வரலையா?”

ஒருநாள் இரண்டையும் பிடித்துத் தனித்தனித் தீப்பெட்டியில் வைத்தாய். எது எங்கே பிடித்தது என்பதற்கு அந்தந்தச் செடியின் இலையே உனக்கு அடையாளம். நீ கை கழுவப் போன நேரம், நான் பையத் திறந்து இலைகளை மட்டும் மாற்றி வைத்தேன். பகலில் அதுகள் தூங்குமூஞ்சிகள்; அசையவே இல்லை.

நீ வந்து திறந்தாய். இலையைப் பார்த்தாய், பூச்சியைப் பார்த்தாய். முகம் சுருங்கியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பூச்சி சரியாத்தான் இருக்கு. இலைதான் மாறிக் கெடக்கு. ஒன் வேலதான?”

“எப்படிலே கண்டுபிடிச்ச?”

“சுரையில உள்ளதுக்குக் காலுல வளையம் வளையமா இருக்கு. துவரையில உள்ளது வெறும் வைக்கோல் நெறம். ரெண்டும் ஒண்ணுன்னா, நீ மாத்துனது எனக்கு எப்படிலே தெரியும்?”

“ஒத்தத் தடவ சொல்லு, ரெண்டும் வேறன்னு” என்றாய். “பாப்போம்” என்று சைக்கிளை மிதித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டாய். அன்று சொல்லியிருந்தால், நீ பிழைக்கமாட்டாய் என்று நான் முடிவுகட்டிவிட்டதாக நினைத்திருப்பாய். அதனால் அன்றும் “பாப்போம்லே” என்றேன். நீ சிரித்தாய். புரிந்துதான் சிரித்தாய்.

இப்போது டீக்கடையில் ரெண்டும் வேறன்னு நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். “போனவரு கிறுக்கு ஒம்மளப் புடிச்சிட்டா அண்ணாச்சி?” என்கிறான் டீ போடுகிறவன். கால் வளையத்திலிருந்து ஆரம்பித்து எல்லாம் விளக்குகிறேன். டீ ஆறிப்போகிறது. ஒருவரும் நம்புவதாக இல்லை. நானும் விடுவதாக இல்லை.