பூச்சு இறுகுமுன்

தாராவி, பம்பாய்
1948, கார்த்திகை மாதம்

என் கறுப்பு அத்தானுக்கு ஆவுடை எழுதிக்கொள்வது. நானும் பேச்சியும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. நீங்கள் போய் நாலு வருஷம் தாண்டிவிட்டது, அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் இங்குள்ள சேதியை எழுதுகிறேன்.

பேச்சிக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. முனிசிபாலிடி பள்ளிக்கூடம் போகிறாள். மராட்டியில் சண்டை போடுகிறாள், தமிழில் அழுகிறாள். கூரைத் தகரத்தில் நீங்கள் அடைத்த இடம் இந்த மழைக்கும் ஒழுகவில்லை. அதற்குப் பக்கத்தில்தான் ஒழுகுகிறது.

நான் மறுபடியும் கோட்டைப் பகுதியில் நம் ரத்னமஹால் தியேட்டருக்கே சித்தாள் வேலைக்குப் போகிறேன். காலையில் சயானில் ரயிலேறி போரிபந்தரில் இறங்கி நடக்கிறேன். போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். வேறு எங்கும் வேலை இல்லை.

தியேட்டர் முகப்பை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. நாம் கட்டியபோது மூன்று வாசல், வாசலுக்கு மேலே சிப்பி வேலைப்பாடு, அதற்கு மேலே பூங்கொடி ஓடிய பால்கனி, உச்சியில் நீங்கள் சுண்ணாம்பில் பிடித்த இரண்டு சிங்கம். உலகச் சண்டை வந்ததும் விமானக் குண்டுக்குப் பயந்து கண்ணாடிக்கெல்லாம் கறுப்புப் பூசினார்கள், வாசலை மறைத்துச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். சினிமா பார்க்க வந்தவர்கள் ஜெயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி பக்கவாட்டில் நுழைந்தது உங்களுக்கே தெரியும். துறைமுகத்தில் கப்பல் வெடித்த அன்று கண்ணாடி முழுவதும் கொட்டி, இடது சிங்கத்துக்குத் தாடை போனது. நீங்கள் அதை ஒட்டவைக்க ஏறினீர்கள். அதன் பிறகு ஒருத்தரும் அந்தத் தாடையைத் தொடவில்லை. சண்டை முடிந்து செங்கல் சுவரை எடுத்தார்கள். போன வருஷம் சுதந்திரத்துக்கு மூன்று வர்ணத்தில் பல்பு கட்டினார்கள், தாடையில்லாத சிங்கத்தின் கழுத்திலும் ஒரு சரம். இப்போது தியேட்டர் முதலாளி சேட்டுக்கு எல்லாமே நேர்கோடாக வேண்டுமாம். சிப்பி போயிற்று, கொடி போயிற்று. வழவழவென்று சிமெண்டுச் சுவர், அதில் மேலிருந்து கீழே ஐந்து வரி, வாசலுக்கு மேலே தட்டையாக ஒரு பலகைக் கூரை. உங்கள் சிங்கத்தை உடைத்த இடிசலை என் தலையில்தான் சுமந்து கொட்டினேன். பதினாறு கூடை வந்தது.

கடைசிப் பூச்சுக்கு அடியில் கொத்தனார்கள் தங்கள் பேரை ஆணியால் கீறி, மேலே பூசி மூடுகிற வழக்கத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தரும் படிக்கப் போவதில்லை, ஆனாலும் கட்டினவன் பேர் சுவருக்குள் இருக்க வேண்டும் என்பீர்கள். செவ்வாய்க்கிழமை வலது சிங்கத்தைப் பெயர்த்தபோது அதன் முதுகுக்குப் பின்னால் பழைய பேர்கள் தெரிந்தன. பதினோரு பேர். கடைசியில் கோணலாக ‘ஆவுடை’ என்று இருந்தது. உங்கள் பேர் இல்லை.

இப்போதைய மேஸ்திரி ரஹ்மத்துல்லா, கீழக்கரைக்காரர். போன வருஷம்தான் வந்தவர். “அட, பொம்பளக் கொத்தனாரும் இருந்திருக்கு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்கு வேலை நின்ற மாதத்தில் தகரத்தின் மேல் கரியால் நான் உங்களுக்கு எழுத்து பழக்கியது நினைவு வந்தது. உங்கள் பேரைப் பழக்க வேண்டுமென்றால் நான் அதை எழுத்தெழுத்தாகச் சொல்லியாக வேண்டும். புருஷன் பேரை வாயால் சொன்னாலும் கையால் எழுதினாலும் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னை உங்கள் கூட ரயிலேற்றினாள். அதனால் என் பேரைப் பழக்கினேன். முதலில் இது போதும், மற்றது அடுத்த மழைக்கு என்றேன். பேரைக் கீறச் சொன்னபோது உங்களுக்கு எழுதத் தெரிந்த ஒரே பேரைக் கீறியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் உச்சிச் சுவருக்குப் பூச்சு. நான் கீழே கலவைக் கூடையோடு நிற்கிறேன். மேஸ்திரி சாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, “ஆவுடை, எல்லார் பேரும் போட்டாச்சு. உன் வீட்டுக்காரர் பேரும் இதுல இருக்கணும். பேரச் சொல்லு தங்கச்சி, பூச்சு இறுகுது” என்று சத்தம் போட்டார். நீங்கள் போன பிறகும் உங்கள் பேர் என் வாயிலோ கையிலோ வந்ததில்லை. உங்கள் பேர் தெரிந்த நம் பக்கத்து ஆள் ஒருத்தரும் அங்கே இல்லை. பேச்சி இருந்திருந்தால் அவள் வாயால் சொல்ல வைத்திருப்பேன்.

தியேட்டர் ஆபீஸ் குமாஸ்தா சுந்தரராமன் வெளியே வந்தார். மாதுங்காவிலிருந்து வருகிறவர், பாலக்காட்டு ஐயர், நல்ல மனுஷர். பழைய ஆள் கணக்கைப் புரட்டினார். அதில் உங்களை ‘சிங்கக் கொத்தன்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். “சாமி பேரான்னு சொல்லு, நான் கண்டுபிடிக்கறேன்” என்றார். சுடலைக்குப் பக்கத்தில் நிற்கிற சாமி என்றேன். “சுடலைன்னா சிவன். சிவன் பக்கத்துல நந்தி. நந்தின்னா பேரு?” என்றார். நான் இல்லையென்று தலையாட்டினேன். முருகனா, கணபதியா, வீரபத்திரனா என்று வரிசையாகக் கேட்டார். நம் ஊர்ச் சுடலைமாடன் கோவில் சாமி அவர் வரிசையிலேயே இல்லை. என்னோடு கலவை சுமக்கிற மராட்டிக்காரி ஷெவந்தா, எங்களில் பொம்பளைகள் கல்யாணத்தன்று புருஷன் பேரைப் பாட்டுக்குள்ளே வைத்து ஒருதரம் சொல்லிவிடுவோம், நீயும் பாடேன் என்றாள். எனக்கு என்ன பாட்டுத் தெரியும்.

மேலே வந்து காதோடு சொல்லு என்றார் மேஸ்திரி. அந்தச் சாரத்தில் இரண்டாவது படிக்கு மேல் என் கால் ஏறாது அத்தான். நீங்கள் விழுந்த அன்றைக்கு அப்புறம் ஏறினதே இல்லை. சுந்தரராமன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ஓய் மேஸ்திரி, ராமசாமின்னு போட்டுடும். யாருக்கும் பொருந்தும்” என்றார். மேஸ்திரி ஆணியை எடுத்துக் குனிந்துவிட்டார்.

வேறு யாரோ ஒரு ராமசாமி உங்கள் இடத்தில் போய்ப் படுக்கப் போகிறான் என்று தோன்றியது. கூடையை இறக்கினேன். கத்தினேன். பலவேசமுத்து என்று கத்தினேன்.

டிராமில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி காதில் கையை வைத்து, “என்னது? பல?” என்றார். மறுபடியும் கத்தினேன். மூன்றாம் தடவை கத்தும்போது எனக்கு வெட்கம் இல்லை. அந்தத் தடவை அவர் கேட்டுக் கத்தவில்லை, நானாகத்தான் கத்தினேன். அவர் கீறி, ஒருதரம் வாசித்துக் காட்டி, பூசி மூடினார். ஷெவந்தா என் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். சுந்தரராமன், “இது என்ன அப்படிப் பிரமாத ரகசியம்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனவர், திரும்பி வந்து எனக்கு ஒரு கிளாஸ் டீ கொடுத்தார்.

ஆயுசு குறையும் என்ற பயம் இனி எனக்கு இல்லை. குறைய என்ன மீதி இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து மூன்று நாளாய் ஒன்று என்னைத் தின்கிறது. இப்படிக்கு உங்கள் ஆவுடை என்று முடிக்குமுன் அதை எழுதிவிடுகிறேன்.

நீங்கள் தாடை ஒட்டிய அந்தக் காலையில், உங்கள் பலகையைக் கட்டிய கயிறு முடிச்சவிழ்ந்து நழுவுவதைக் கீழே நின்று நான் பார்த்தேன். உடனே சத்தம் போட்டேன். எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, இந்தாருங்க, இந்தாருங்க என்றுதான். நாலு கொத்தனார்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நீங்கள் வேலையிலேயே இருந்தீர்கள். வியாழக்கிழமை கத்தியதை அன்றைக்குக் கத்தியிருந்தால் நீங்கள் திரும்பியிருப்பீர்களா, அத்தான்?