இந்த வருஷம் பேனர் வைக்கவில்லை, அண்ணே

அன்புள்ள அண்ணே,

பேர் போட்டு எழுத வேண்டிய கடிதம் இது. போட முடியவில்லை. உன் பேர், மதினி பேர், பாப்பா பேர், நீ கடை வைத்திருந்த தெருவின் பேர், எதுவும் இதில் வராது. அச்சில் போட இதை எழுதித் தரச் சொன்னவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், பேர் கேட்டால் எழுத மாட்டேன் என்று. தாராவியில் தோல் பர்ஸ் தைக்கிற ஒருத்தி செத்துப்போன அண்ணனோடு பேசுகிறாள் என்று தெரிந்தால் படிக்கிறவர்களுக்குப் போதும்.

நேற்றோடு நீ போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. வீட்டில் படைத்தோம். நீ கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிற கருவாட்டுக் குழம்புதான் வைத்தேன். சித்தப்பா வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது என் முகத்தைப் பார்க்காமல், தெரு முக்கில் ஒரு சின்ன பேனராவது வைக்க வேண்டாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போன பிறகு பாவமாக இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

நீ அங்கே போனது புரட்சி செய்யவா, சொல்லு. பர்ஸ் விற்கப் போனாய். நம் கார்கானாவில் தைத்த சரக்கை இரண்டு பெரிய பையில் திணித்துக்கொண்டு பாங்காக் போய், மொத்த வியாபாரத்துக்கு ஆள் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்றாய். அங்கேயே கடை போட்டு, அந்த ஊர்ப் பெண்ணான மதினியைக் கட்டி, பாப்பாவையும் பெற்று, அவர்கள் பாஷையில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாய். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, இங்கே வெயில் ஜாஸ்தி, கொசு ஜாஸ்தி என்று குறை சொல்லிவிட்டுப் போவாய். அப்படியே இருந்திருக்கலாம்.

பிறகு அந்தப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். காலேஜ் பிள்ளைகள், யூனிஃபார்மோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட. ஆட்சி மாற வேண்டும், சட்டம் மாற வேண்டும் என்று கேட்டதோடு நிற்காமல், அரச குடும்பத்தைப் பற்றியும் வாய் திறந்தார்கள். அதைப் பேசினால் வருஷக்கணக்கில் உள்ளே போட அங்கே சட்டம் இருக்கிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய். உன் கடை வாசலில் வைத்துத்தான் அவர்கள்மேல் போலீஸ்காரர்கள் தண்ணீர் பீய்ச்சினார்கள். நீலத் தண்ணீர். பட்டால் எரியும். சாயமும் லேசில் போகாது, பிறகு ஆளைப் பிடிக்க வசதியாக இருக்கும்.

நீ ஷட்டரைப் பாதி தூக்கி, கைக்கு அகப்பட்ட பிள்ளைகளை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டாய். கண்ணைக் கழுவிவிட்டாய். ஷட்டரை இறக்கிய பிறகு, தரைக்கும் அதற்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஃபோனை வைத்தாய். அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ.

அதில் பதிவானவன்தான் அந்த மஞ்சள் மழைக்கோட்டுப் பையன். முட்டி போட்டிருக்கிறான். இரண்டு கையும் தலைக்கு மேலே இருக்கிறது. கை மேலே இருக்கும்போதே அவனை அடிக்கிறார்கள், சாய்ந்த பிறகும் அடிக்கிறார்கள். போலீசைத் தாக்கினான் என்று அவன்மேலேயே கேஸ் போட்டு உள்ளே வைத்தார்கள். அவன் கை எங்கே இருந்தது என்பதற்கு உன் ஃபோனைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அதை ஏற்றத்தான் நெட்டில் பேர் இல்லாமல் அந்தப் பக்கத்தைத் தொடங்கினாய். அடுத்து மற்றவர்களும் தாங்கள் எடுத்ததை உனக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். அந்த வருஷமே உன் விசாவை நீட்டிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. மதினியையும் பாப்பாவையும் அங்கே விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு கார்கானா வாசலில் வந்து நின்றாய். உன்னை அப்படிப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்தவன் நாட்டுச் சண்டை உனக்கு எதற்கு என்று அன்றைக்கே கேட்டேன். நீ டீ கேட்டாய்.

பகலில் என்னோடு தோல் வெட்டுவாய். மத்தியானம் சாப்பிட்டதும் இரும்பு ஏணியில் ஏறி மேலே மாளா என்கிற பரணுக்குப் போவாய். தோல் ஒட்டுகிற சொலூஷன் வாடையும் ஃபேன் காற்றும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அங்கே உட்கார்ந்துகொண்டு, பாங்காக்கில் ஏற்ற முடியாததை எல்லாம் தாராவியில் இருந்து ஏற்றினாய். ஒரு நாள் நீ சிரித்துக்கொண்டே இறங்கி வந்தது நினைவிருக்கிறதா? உன் பக்கத்தை அங்கே முடக்கிவிட்டார்கள். அங்கே உள்ளவர்கள் திறந்தால், உங்கள் நாட்டில் இதைப் பார்க்க முடியாது என்று வரும். இங்கே என் ஃபோனில் பளிச்சென்று தெரிந்தது.

பார்க்க வேண்டியவர்களே பார்க்க முடியாவிட்டால் இது யாருக்கு, எனக்கா என்று கேட்டேன்.

"ஆமா, ஒனக்குத்தான்," என்றாய். "பாத்து வையிட்டி. அந்தப் பையன் கை மேல இருந்துதுன்னு ஒரு ஆளாவது பாத்திருக்கணும்லா."

அன்றைக்குத்தான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

நீ போனது கார்கானாவில்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோல் கட்டின்மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மதினியும் பாப்பாவும் டிக்கெட் எடுத்து வருவதற்குள் உன்னை வைத்திருக்க முடியவில்லை. வீடியோ காலில்தான் உன் முகத்தைப் பார்த்தார்கள். மதினி அழவே இல்லை. ஃபோனை நெருக்கிக் காட்டச் சொன்னாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாது.

நம் ஆட்களைப் பற்றி நீ அறியாததா? செத்தால் முக்கில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். மாலை, மெழுகுவத்தி, பறக்கிற புறா, கீழே வருந்தும் குடும்பத்தார் என்று வரிசையாகப் பேர். ஒரு பேர் விட்டுப்போனால் அதற்கு ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இருக்காது. சித்தப்பா தன் கைக்காசில் தொண்ணூறடி ரோட்டில் பெரிதாக வைத்தார். உன் ஃபோனில் இருந்த படங்களில், மூன்று விரலை உயர்த்திக்கொண்டு நீ நிற்கிற படத்தைத் தேர்ந்தெடுத்தார். தலைவர் மாதிரி இருக்கிறதாம். அது அந்தப் பிள்ளைகள் போராட்டத்தில் காட்டுகிற அடையாளம் என்று இங்கே யாருக்குத் தெரியும்? எந்தக் கட்சிச் சின்னம் என்று நாலு பேர் என்னிடமே கேட்டார்கள். தாய்லாந்துப் போராளி என்று மேலே எழுதி, உன் பக்கத்தின் பேரையும் அதன் நிறுவனர் நீ என்பதையும் போட்டு, கீழே மதினியின் முழுப்பேர், பாப்பாவின் முழுப்பேர், அடைப்புக்குறிக்குள் பாங்காக் என்றும் போட்டிருந்தார்.

அதோடு விட்டிருந்தால் தெருவோடு போயிருக்கும். பேசினாலே ஃபோன் எழுதிக்கொள்ளும் என்பதை மனுஷன் அப்போதுதான் படித்திருந்தார். உன் பக்கத்தைத் திறந்து, கடைசி வீடியோவுக்குக் கீழே, பேனரில் உள்ள அத்தனையையும் ஒரு பேர் விடாமல் வாசித்து ஏற்றிவிட்டார். "நம்ம பையன் ஒரு நாட்டையே கலங்க வச்சான்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார். உன்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவரை என்ன சொல்ல?

அந்த நாட்டு ஜனங்களுக்குத்தான் உன் பக்கம் தெரியாது. முடக்கியவர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழை அவர்கள் பாஷைக்கு மாற்றக் கீழேயே ஒரு பட்டன் இருக்கிறது. நான் பார்த்துப் பதறி அழிப்பதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மதினி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். கம்ப்யூட்டரை எடுத்தார்கள், பாப்பாவின் ஃபோனை எடுத்தார்கள். அப்பன் செத்த பிறகு பக்கத்தை நடத்துவது மகளா என்று கேட்டார்கள். பாப்பா இல்லை என்றாள். பக்கத்தை முடக்குவதற்கு முன்னால் நீ ஏற்றிய ஒன்றைத் தன் பக்கத்தில் பகிர்ந்திருக்கிறாள் என்று அவள்மேல் கேஸ் எழுதினார்கள். காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளை. பக்கம் மொத்தமாக இல்லாமல் போனால் கேஸ் லேசாகும் என்று யாரோ மதினி காதில் போட்டார்கள். அதன் சாவி என்னிடம் இருந்தது. நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது கார்கானாவும் உன் பழைய ஃபோனும்தானே.

முதலில் மதினி கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் உனக்கே தெரியும். நீ கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தங்கச்சி என்பதுதான் என் பேர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தவள்.

"தங்கச்சி, எடு," என்றாள். "எல்லாம் எடு. எனக்குப் பிள்ள ஒண்ணு."

மறுநாள் பாப்பா கூப்பிட்டாள், யாரோ சிநேகிதி ஃபோனில் இருந்து. எடுக்காதீங்க அத்தை, அது அப்பா வைத்தது என்றாள். நான் சத்தம் போட்டேன். அவளைப் பிடித்து வைத்தால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன், அந்த ஊர் பாஷை தெரியுமா எனக்கு, வக்கீல் தெரியுமா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. உன் பிள்ளையாச்சே, குரல் அப்படியே உன் குரல்.

"அந்த மஞ்சக் கோட்டு அண்ணனுக்கும் அம்மா இருக்காங்க அத்த," என்றாள். "அவுங்களுக்கும் பிள்ள ஒண்ணுதான்."

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், அண்ணே? பல தடவை மாளாவுக்கு ஏறிப் போய் உட்கார்ந்து யோசித்தேன். உன் கொள்கை எனக்குத் தெரியாது. பாப்பாவைத் தெரியும். பிறந்தவுடன் ஃபோனை அவள் காதில் வைக்கச் சொல்லிப் பேர் சொன்னது நான். மஞ்சள் கோட்டுப் பையனின் முகமும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரு தராசில் வைக்க யாராவது என்னைக் கேட்டார்களா?

எடுத்துவிட்டேன்.

முடிந்தவரைக்கும் வீடியோக்களை என் ஃபோனில் இறக்கிக்கொண்டேன், பிறகு எடுத்தேன். நிச்சயமாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். மனம் மாறினால் சில நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அவகாசம் கொடுத்தது. அந்த நாள்களில் தையல் மிஷினை நிறுத்தும்போதெல்லாம் ஃபோனைத்தான் எடுத்துப் பார்த்தேன். நாள் முடிந்தது. இப்போது இங்கேயும் ஒன்றும் தெரிவதில்லை. இந்த ஊரில் அதை யாரும் முடக்கவில்லை, அண்ணே. இந்தத் தோல் வெட்டுகிற விரல்தான் முடக்கியது.

இவ்வளவு செய்தும் கேஸ் போகவில்லை. பாப்பா வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறாள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலேஜுக்குப் போகிறாளாம். மதினிதான் சொல்கிறாள். பாப்பா என்னோடு பேசுவதில்லை. நேற்று உனக்குப் படைத்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். அந்தப் பையன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம். தாராவியை இடித்துக் கட்டுவதற்காக வீடு அளக்க ஆட்கள் வருகிறார்கள், யாருக்கு இடம் கிடைக்கும், யாரைத் தூக்கிக் குப்பைமேடு இருக்கிற தேவ்நார் பக்கம் போடுவார்கள் என்று நம் சந்து வாட்ஸப் குரூப்பில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குரூப்பை நடத்துகிற பக்கத்து வீட்டுக்காரரை போலீஸ் சௌக்கிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, டீ கொடுத்து அனுப்பினார்களாம். இப்போது குரூப்பில் காலை வணக்கம் மட்டும் வருகிறது, ரோஜாப்பூப் படத்தோடு. அந்த ரோஜாப்பூவைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. அடுத்தவன் நாட்டுச் சண்டை என்று உன்னிடம் சொன்னேனே, அதை நினைத்துக்கொள்கிறேன்.

கோபம் இன்னும் தீரவில்லை. சித்தப்பாமேல், உன்மேல், என்மேல். செத்தவனுக்கு வைத்த பேனரில் நாலு பேரின் பேரைச் சேர்த்துப் போட்டது ஒரு குற்றமா? துக்கம் யார் யாருக்கு என்று ஊருக்குச் சொல்வதுதானே நம் வழக்கம்? அதை வைத்தே பிள்ளையைப் பிடிப்பார்கள் என்று எவன் நினைப்பான்?

அதனால்தான் இந்த வருஷம் முக்கு காலியாக இருக்கிறது. இந்தக் கடிதத்திலும் யாரும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ பார்த்து வை என்றாய், பார்த்து வைத்திருக்கிறேன். பாப்பாவின் கேஸ் முடிந்து, பாஸ்போர்ட் கைக்கு வந்து, அவள் இந்தக் கார்கானா வாசலில் வந்து நிற்கட்டும். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, நிற்கட்டும். அன்றைக்கே அந்த ஏணியில் ஏறி, நீ ஏற்றியதை எல்லாம் ஒன்று விடாமல் திரும்ப ஏற்றுகிறேன். முதலில் அந்த மஞ்சள் கோட்டுப் பையனை. மறுநாள் சித்தப்பாவை நானே கூட்டிக்கொண்டு போய் முக்கில் பேனர் வைக்கிறேன். அவர் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறாரோ அவ்வளவு பெரிதாக. உன் பேர், மதினி பேர், பாப்பா பேர், அந்தப் பையன் பேர், அவன் அம்மா பேர்.

என் பேரையும் அன்றைக்குப் போட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும்,

உன் தங்கச்சி